பழைய டி அண்ட் டி-யில் (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற கதாபாத்திர விளையாட்டு) முதல் லெவல் மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே மந்திரம்தானா? உங்கள் ஹவுஸ் ரூல் (மேஜைக்கென்று வைத்துக்கொள்ளும் சொந்த விதி) என்ன?

ஆமாம், ஒன்றுதான். 1981-ல் வந்த பேசிக் விதிகளை வைத்து விளையாடினாலும் சரி, அதையே ஒழுங்குபடுத்தி எழுதிய ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸை வைத்து விளையாடினாலும் சரி, முதல் லெவல் மந்திரவாதிக்கு நான்குமுகப் பகடையில் ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி), கையில் ஒரு குத்துவாள், தலைக்குள் ஒரு மந்திரம், அவ்வளவுதான். அதைப் போட்டு முடித்ததும் மிச்ச நேரமெல்லாம் அந்த ஆட்டக்காரர் வேடிக்கை பார்க்கிறாரே, என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள். நெடுநாளாக டிஎம் (ஆட்டத்தை நடத்துகிறவர்) இருக்கையில் உட்காருகிறவன் என்ற முறையில் என் பதில்: மந்திரங்களின் எண்ணிக்கையைத் தொடாதீர்கள், அதைச் சுற்றியிருக்கிற விதிகளைத் தளர்த்துங்கள்.

ஏன் தொடக்கூடாது என்கிறேன் என்றால், அந்த ஒரு மந்திரம் பார்ப்பதற்குத்தான் சின்னது. ஸ்லீப் என்கிற தூக்க மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு எட்டுமுகப் பகடை உருட்டி அத்தனை ஹிட் டைஸ் (எதிரியின் பலத்தை அளக்கிற எண்) அளவுக்கு எதிரிகளைத் தூங்க வைக்கலாம், சேவிங் த்ரோ (பகடை உருட்டித் தப்பிக்கிற வாய்ப்பு) கிடையாது. சராசரியாக 9 ஹிட் டைஸ். விதிப்புத்தகத்தின்படி சாதாரணமாக எதிர்ப்படும் கோப்ளின் கூட்டம் 2 முதல் 8 பேர்தான், ஆளுக்குச் சுமார் ஒரு ஹிட் டைஸ். அதாவது ஒரு சண்டையை ஒரே வாக்கியத்தில் முடிக்கிற ஆயுதம் அது. அதை எப்போது எடுப்பது, இப்போதா அடுத்த கதவுக்கு அப்புறமா என்கிற தவிப்புதான் பழைய பாணி மந்திரவாதியை ஆடுவதில் இருக்கிற சுகமே. இதை ஒரு நாளைக்கு மூன்று என்று மாற்றினால் தவிப்பு போய்விடும், கூடவே மற்ற ஆட்டக்காரர்களின் வேலையும் போய்விடும்.

ஹவுஸ் ரூல் எழுத உட்காரும் முன் ஒரு விஷயம் பாருங்கள்: புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிற எதையெல்லாம் நீங்கள் கைவிட்டிருக்கிறீர்கள்? பத்து நிமிடம் ஒரு டர்ன், இரண்டு டர்னுக்கு ஒருமுறை ஆறில் ஒரு வாய்ப்பில் அலையும் மான்ஸ்டர், எதிரியைப் பார்த்ததும் அவர் சண்டைக்கு வருகிறாரா பேச வருகிறாரா என்று ரியாக்ஷன் உருட்டுவது, கூலிக்கு ஆள் வைத்துக்கொள்வது, இதெல்லாம் எழுதி வைத்திருப்பது சும்மா இல்லை. மந்திரவாதியிடம் ஒரு குப்பி எண்ணெய் இருந்தால் பற்றவைத்து வீசலாம், இரண்டு ரவுண்டுக்கு (சண்டைச் சுற்றுக்கு) எட்டுமுகப் பகடை சேதம், அதற்கு மந்திரமும் வேண்டாம் பலமும் வேண்டாம். வேடிக்கை பார்க்கிறவர் எனக்குத் தெரிந்து பாதி நேரம் எண்ணெய் வாங்க மறந்தவர்தான். இன்னொரு பக்கம், ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு கூட்டமாக வெளியே போய்த் தூங்கிவிட்டு, ஒரு மணி நேரம் புத்தகம் படித்து மந்திரத்தை நிரப்பிக்கொண்டு வருகிற குழுவுக்கு எந்த ஹவுஸ் ரூலும் உதவாது, அங்கே அலையும் மான்ஸ்டரைத் திரும்பக் கொண்டுவருவதுதான் மருந்து.

சரி, என் மேஜைக்கு வருகிறேன்.

நான் வைத்திருப்பதிலேயே நன்றாக வேலை செய்வது ஸ்க்ரோல் (ஒருமுறை படித்தால் மந்திரம் நடக்கிற சுருள்) விதி, அதுவும் என் சொந்தச் சரக்கு இல்லை. 1977-ல் எரிக் ஹோம்ஸ் தொகுத்த பேசிக் பதிப்பில் முதல் லெவலிலிருந்தே மந்திரவாதி ஸ்க்ரோல் எழுதலாம்: மந்திரத்தின் ஒவ்வொரு லெவலுக்கும் 100 பொற்காசு, ஒரு வாரம். நான்கே வருடத்தில் வந்த 1981 விதிகள் இதை ஒன்பதாம் லெவலுக்குத் தள்ளி விலையை 500 ஆக்கிவிட்டன, ஏன் என்று எனக்கு இன்னும் கோபம்தான். நான் ஹோம்ஸ் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். இதனால் என்ன ஆகிறது என்றால், மந்திரவாதிக்குக் கூடுதல் மந்திரம் கிடைக்கிறது, ஆனால் அது இலவசமில்லை. பொக்கிஷத்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. ஒரு வாரம் ஓடுகிறது, அந்த ஒரு வாரத்தில் காலி செய்த அறைகளில் வேறு எதாவது குடியேறிவிடுகிறது. யாருக்கு அவசரம், யாருக்குக் காசு வேண்டும் என்று மேஜையில் ஒரு வாக்குவாதமும் நடக்கிறது, அதை நான் ரொம்பவே ரசிக்கிறேன்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. மூன்று, நான்காம் லெவலில் காசு கொட்டும்போது இருபது ஸ்லீப் ஸ்க்ரோலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். அதனால், ஒருவர் தானே எழுதிய ஸ்க்ரோல்களில் ஒரே நேரத்தில் அவருடைய லெவல் எண்ணிக்கைக்கு மேல் உயிரோடு இருக்காது என்று வைத்திருக்கிறேன். அதற்கு மேல் ஒன்று எழுதினால் பழையது ஒன்று வெறும் காகிதம். குகையில் கண்டெடுத்த ஸ்க்ரோலுக்கு இந்த வரம்பு இல்லை.

அடுத்தது, மந்திரம் தீர்ந்த பிறகும் வம்படியாகப் போட்டுப் பார்ப்பது. இதற்குப் புது அட்டவணை வேண்டாம் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன், ஏனென்றால் அட்டவணை தேடுகிற நேரத்தில் சண்டை ஆறிவிடும். மந்திரத்துக்கு எதிரான சேவிங் த்ரோ எண் ஏற்கெனவே கேரக்டர் ஷீட்டில் இருக்கிறது, அதையே உருட்டச் சொல்கிறேன், போடுகிற மந்திரத்தின் லெவலை உருட்டியதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். முதல் ஐந்து லெவலுக்கு அந்த எண் 15. ஆக முதல் லெவல் மந்திரத்துக்கு இருபதுமுகப் பகடையில் 16 விழ வேண்டும், நூற்றுக்கு 25 வாய்ப்பு. ஐந்தாம் லெவல்காரர் இரண்டாவது ஃபயர்பால் (மூன்றாம் லெவல் நெருப்பு மந்திரம்) போட நினைத்தால் 18 வேண்டும், 15 சதவீதம். ஜெயித்தால் மந்திரம் நடக்கும். தோற்றால் நான்குமுகப் பகடை சேதம், அன்றைக்கு இந்த முயற்சி அதோடு சரி. மூன்று ஹிட் பாயின்ட் வைத்திருக்கிறவருக்கு இது உயிரைப் பணயம் வைக்கிற வேலை, அதனால் எல்லாரும் சாகப்போகிற கட்டத்தில்தான் கை இதற்குப் போகிறது. அது போதும்.

மந்திரம் போடும்போது அடிபட்டால் மந்திரம் வீண் என்கிற விதியை நான் எடுக்கவில்லை. யார் முதலில் என்று தீர்மானிக்கிற இனிஷியேட்டிவ் உருட்டும் முன்பே மந்திரம் போடப்போவதாகச் சொல்லிவிட வேண்டும், அதன் பிறகு தன் முறை வருவதற்குள் அம்பு தைத்தால் போச்சு. இதை எடுத்துவிட்டால் முன்னால் கேடயத்தோடு நிற்கிறவருக்கு அர்த்தமே இல்லை. ஒரு சின்ன இரக்கம் மட்டும்: அதே சேவிங் த்ரோ ஜெயித்தால் அந்த ரவுண்டு போகும், மந்திரம் மனசில் தங்கும்.

மற்றவர்கள் சொல்கிற சில யோசனைகள். மனா பாயின்ட் (மந்திரத்துக்குச் செலவழிக்கிற புள்ளிக் கணக்கு) எனக்குப் பிடிக்காது. ஜாக் வான்ஸ் கதைகளிலிருந்து, இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கைகாக்ஸ் எடுத்துக்கொண்ட இந்த மனப்பாட முறையில் காலையிலேயே எது வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பாயின்ட் வந்ததும் எல்லாரும் ஸ்லீப், ஸ்லீப், மறுபடியும் ஸ்லீப். ஹோல்ட் போர்ட்டல், வென்ட்ரிலோக்விசம் மாதிரி மந்திரங்களெல்லாம் புத்தகத்திலேயே கிடந்து மட்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் போடக்கூடிய குட்டித் தாக்குதல் மந்திரமும் வேண்டாம், அது வில்லுக்கு வேறு பெயர் வைத்த மாதிரி. புத்திசாலித்தனத்துக்குப் போனஸ் மந்திரம் தருவது பரவலான பழக்கம். 1978 அட்வான்ஸ்ட் விதிகளில் அப்படிப்பட்ட போனஸ், அதுவும் ஞானத்துக்காக (விஸ்டம்), கிளெரிக்குக்கு (பூசாரிக் கதாபாத்திரம்) மட்டும்தான், மந்திரவாதிக்குக் கிடையாது. பகடையில் நல்ல எண் விழுந்தவருக்கு இரண்டு மடங்கு, மற்றவருக்குப் பழைய ஒன்றே என்றால் பிரச்சினை தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது.

முழுசாகவே வேறு மாதிரி வேண்டுமென்றால் டன்ஜன் க்ரால் க்ளாசிக்ஸ் என்கிற தனி விளையாட்டு இருக்கிறது. ஒவ்வொரு மந்திரத்துக்கும் இருபதுமுகப் பகடை உருட்டி, ஜெயித்தால் மந்திரம் கையிலேயே இருக்கும், ஒன்று விழுந்தால் விபரீதம். அருமையான ஆட்டம், ஆனால் மந்திரத்துக்கு ஒரு அட்டவணை, புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும், பழைய சாகசங்களை அப்படியே அதில் ஓட்டினால் சமநிலையும் ஆடும்.

எல்ஃப் இனக் கதாபாத்திரங்களைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். அவர்களும் இதே மந்திரங்களைத்தான் போடுகிறார்கள், அதுவும் கவசம் மாட்டிக்கொண்டு, ஆறுமுகப் பகடை ஹிட் பாயின்ட்டோடு. ஸ்க்ரோல் விதி அவர்களுக்கும் உண்டு. வம்படி விதி மட்டும் கவசத்தைக் கழற்றினால்தான்.