கால்நடை கேள்வி–பதில்: தாய்க்குக் கொடுத்தால் குட்டிக்குப் போகுமா?

கேள்வி: எங்கள் கன்னி இன வெள்ளாட்டுக் குட்டிகளில் இரண்டு, நன்றாகத் துள்ளித் திரிந்தவை, ஒரு மாதத்தில் பின்கால் பின்னி விழுகின்றன. காய்ச்சல் இல்லை, பாலும் குடிக்கின்றன. தாய்க்குப் பால் போதவில்லையா?
– வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: பால் காரணமல்ல. முதலில் சந்தேகிக்க வேண்டியது தாமிரக் குறை. தாமிரம் சினையிலேயே நஞ்சுக்கொடி வழியாக வந்து குட்டியின் ஈரலில் சேர்கிறது. பாலில் அது மிகக் குறைவு என்பதால், பிறந்த பிறகு அந்தச் சேமிப்பை நம்பித்தான் குட்டி வளர வேண்டும். சேமிப்பு இல்லாவிட்டால் தண்டுவட நரம்புகளின் மேலுறை சரியாக உருவாகாது. விழுந்த குட்டிக்கு இப்போது தாமிரம் கொடுத்தாலும் கெட்ட நரம்பு தேறுவது அரிது. இறந்தால் புதைத்துவிடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டி, ஈரலைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்த ஈற்றைக் காப்பாற்றலாம். ஐந்து மாதச் சினையில் கடைசி இரண்டு மாதமும் வெள்ளாட்டுக்கு உரிய தாது உப்புக் கலவையை நாளுக்கு 10 கிராம் தவிட்டில் பிசறிக் கொடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பும் சல்பேட்டும் அதிகமானால், தீவனத்தில் உள்ள தாமிரமும் உடலில் ஒட்டாது, நீரைப் பரிசோதியுங்கள். பட்டியில் செம்மறியும் இருந்தால் மிகுந்த கவனம் தேவை. வெள்ளாட்டுக்கும் மாட்டுக்கும் வாங்கிய கலவையைச் செம்மறிக்கு வைக்கவே வேண்டாம். தாமிரம் அதன் ஈரலில் சத்தமின்றி ஏறி, ஒருநாள் ரத்த அணுக்கள் உடைந்து, சிறுநீர் சிவந்து, ஆடு சாகும்.

கேள்வி: வெண்பன்றி ஈனும் முன் இரும்புச் சத்து டானிக் கொடுத்தோம். ஆனாலும் மூன்றாவது வாரம் குட்டிகள் வெளுத்து மூச்சிரைக்கின்றன. ஏன்?
– வாசகர், நாமக்கல்

பதில்: பன்றியில் அந்த வழி பலிக்காது. தாய்க்கு எவ்வளவு இரும்பு கொடுத்தாலும் நஞ்சுக்கொடியிலும் பாலிலும் பெரிதாகக் கூடாது. குட்டி சுமார் 50 மில்லிகிராம் இரும்போடு பிறக்கிறது. வேகமாக வளர்வதால் நாளுக்குச் சுமார் 7 மில்லிகிராம் தேவை. பாலில் கிடைப்பதோ ஒரு மில்லிகிராம் அளவுதான். மண்ணைக் கிளறும் குட்டிக்கு மண்ணிலிருந்தே கொஞ்சம் கிடைத்துவிடும், சிமென்ட் தரையில் அதுவும் இல்லை.

பிறந்த மூன்றாம் நாள் இரும்பு டெக்ஸ்ட்ரான் ஊசி 200 மில்லிகிராம் போடுங்கள். மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள மருந்தென்றால் 2 மில்லி. காதுக்குப் பின்னால் கழுத்துத் தசையில், தோலைச் சற்று ஒருபுறம் இழுத்துப் பிடித்துக் குத்தினால் மருந்து வெளியே கசியாது. தொடையில் போட்டால் இறைச்சியில் கறை தங்கும்.

ஊசி போட்ட ஓரிரு நாளில் குட்டிகள் சாகின்றன என்றால், தாய்க்கு வைட்டமின் ஈ, செலினியம் என்ற தாது ஆகியவை குறைந்திருக்கலாம். அவை குறைந்த குட்டிக்கு இரும்பு ஊசியே நஞ்சாகும். ஓட்டல் கழிவில் வரும் காறிய எண்ணெய் வைட்டமின் ஈயை அழித்துவிடும். அத்தகைய பண்ணையில் அடுத்த ஈற்றுக்கு முன்பே மருத்துவரைக் கேட்டுத் தாய்க்கு அந்த இரண்டையும் ஈடுகட்டுங்கள். செலினியம் அளவு சற்றே மீறினாலும் நஞ்சு. நீங்களாக அளந்து போடாதீர்கள்.