ஆறு கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம்: மலைப்பாதைக்கு நேரம் கணிப்பது எப்படி?

கேள்வி: சென்ற முறை குடும்பத்துடன் ஒரு மலைப்பாதையில் நடந்தோம். உச்சிக்குப் போய்வர 6 கிலோமீட்டர்தான், ஏற்றம் 700 மீட்டர். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று எண்ணினோம். ஐந்து மணி நேரம் ஆகி, கடைசி அரை மணி நேரம் கைபேசி வெளிச்சத்தில் இறங்க வேண்டியதாயிற்று. அடுத்து, போய்வர 12 கிலோமீட்டரும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு பாதைக்கு அதே நால்வரும் செல்ல விரும்புகிறோம். எங்களில் ஒருவர் 66 வயதான என் தந்தை; மற்றொருவர் 11 வயது மகள். எவ்வளவு நேரம் ஆகும்? எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மெதுவாக நடக்கவில்லை. அந்தப் பாதைக்கு ஐந்து மணி நேரம் என்பது இயல்பான கணக்கே. பிழை உங்கள் கால்களில் இல்லை, கிலோமீட்டரை மட்டும் பார்த்து நேரம் போட்டதில்தான் இருந்தது. மலையில் தூரத்தைவிட ஏற்றமே அதிக நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

இதற்கென்று ஒரு விதியை 1892-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் எழுதி வைத்தார். இன்றைய அளவுகளில் சொன்னால், ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம், அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். மனக்கணக்காகவே போட்டுவிடலாம் என்பதால் இது நூற்றாண்டுக்கும் மேலாக நிலைத்திருக்கிறது. ஆனால், பழக்கப்பட்ட உடல், நல்ல பாதை, இடையில் நிற்காத நடை ஆகிய மூன்றையும் அது முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. உங்கள் புதிய பாதைக்கு இந்த விதி நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே காட்டும். முதியவரும் சிறுமியும் உள்ள குழுவுக்கு அதை நம்பி இறங்குவது சென்ற முறை செய்த தவற்றையே மறுபடி செய்வதாகும்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது ஆல்ப்ஸ் பகுதியில் பரவலாக வழங்கும், ஜெர்மானியத் தரநிலையான டிஐஎன் 33466-இல் இடம்பெற்ற முறையை. மணிக்கு 300 மீட்டர் ஏற்றம், 500 மீட்டர் இறக்கம், 4 கிலோமீட்டர் கிடைத்தூரம் என்பவை அதன் அடிப்படை அளவுகள். உயரத்துக்கு ஆகும் நேரத்தையும் தூரத்துக்கு ஆகும் நேரத்தையும் தனித்தனியே கணக்கிட்டு, இரண்டில் பெரியதை முழுமையாக எடுத்து, சிறியதில் பாதியை அதனுடன் கூட்ட வேண்டும். உயரமும் தூரமும் ஒரே வேளையில் கடக்கப்படுவதால்தான் இரண்டையும் முழுதாகக் கூட்டுவதில்லை.

சென்ற பயணத்தை இதில் பொருத்திப் பார்ப்போம். ஏறும்போது 700 மீட்டருக்கு 2 மணி 20 நிமிடம், 3 கிலோமீட்டருக்கு 45 நிமிடம். ஆக, பெரியதும் சிறியதில் பாதியும் சேர்ந்து ஏறத்தாழ 2 மணி 40 நிமிடம். இறங்குவதற்கு இதே வழியில் சுமார் 1 மணி 45 நிமிடம். மொத்தம் நாலரை மணி நேரம். நீங்கள் நின்று இளைப்பாறியதைச் சேர்த்தால் ஐந்து. புதிய பாதைக்கு, ஒரு வழித் தூரம் 6 கிலோமீட்டர் என்று கொண்டால், ஏற 3 மணி 45 நிமிடமும் இறங்க ஏறத்தாழ 2 மணி 35 நிமிடமும் ஆகும். மொத்தம் 6 மணி 20 நிமிடம். நெய்ஸ்மித் காட்டும் நான்கு மணி நேரத்திலிருந்து இது எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஆனாலும் இதுவும் நிற்காத நடைக்கான நேரமே. சென்ற முறை நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் கணக்கைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அதிகம். அதுவே உங்கள் குழுவின் சொந்த அளவுகோல், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இம்முறை பாதை இருமடங்கு நீளம் என்பதால், பிற்பகுதியில் களைப்பு நிச்சயம் நடையைத் தளர்த்தும். எனவே பத்தில் ஒன்றுக்குப் பதிலாகக் கால் பங்கு கூட்டச் சொல்வேன். அப்போது ஏறுவதற்கு 4 மணி 40 நிமிடம், இறங்குவதற்கு 3 மணி 10 நிமிடம் என்றாகும். உச்சியில் அரை மணி நேரம் தங்கினால், நாள் முழுவதும் சேர்த்து 8 மணி 20 நிமிடம்.

ஏற்றத்தின் அளவு எங்கிருந்து கிடைத்தது என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள். தொடக்கத்துக்கும் உச்சிக்கும் உள்ள உயர வேறுபாடு 900 மீட்டர் என்றால், அது மட்டும் போதாது. வழியில் பாதை ஒரு பள்ளத்தில் 100 மீட்டர் இறங்கி மீண்டும் ஏறினால், போகும்போது 1000 மீட்டர் ஏற வேண்டியிருக்கும், திரும்பும்போதும் அந்த 100 மீட்டரை ஏறியாக வேண்டும். வரைபடத்தின் சமஉயரக் கோடுகளைப் பாதையை ஒட்டி எண்ணிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். கைபேசிச் செயலிகளில் பிறர் பதிவிட்ட நேரத்தைப் பார்ப்பதாக இருந்தால், அது ஓய்வு நேரத்தைக் கழித்துவிட்டு நடந்த நேரத்தை மட்டும் காட்டுகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். வழியோரக் கைகாட்டிப் பலகைகளில் மணிக்கணக்கில் எழுதியிருக்கும் நேரங்களிலும் பொதுவாக ஓய்வு சேர்க்கப்படுவதில்லை.

இனி, கிளம்பும் நேரம். அதைக் காலையிலிருந்து முன்னோக்கி எண்ணாமல் மாலையிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். சூரியன் 6 மணிக்கு மறைவதாக வைத்துக்கொண்டால், பள்ளத்தாக்கிலும் அடர்ந்த மரங்களுக்கிடையிலும் அதற்கு வெகு முன்பே இருட்டத் தொடங்கிவிடும்; ஆகவே 4 மணிக்குள் அடிவாரம் வந்துவிடுவது நல்லது. இதற்கு மேல் இன்னொரு காரணமும் உண்டு. வெயிலில் சூடேறிய ஈரக்காற்று சரிவுகளையொட்டி மேலெழுந்து மேகமாகத் திரள்வதால், வெப்பமான பருவங்களில் மலைகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். அந்த நேரத்தில் திறந்த முகட்டில் நிற்கக் கூடாது. மின்னலுக்கும் இடியோசைக்கும் இடைப்பட்ட நேரம் 30 நொடிக்குள் இருந்தால் ஆபத்து 10 கிலோமீட்டர் தொலைவுக்குள் வந்துவிட்டது என்று பொருள். கடைசி இடியோசை கேட்டு 30 நிமிடம் கழியும் வரை முகட்டுக்குத் திரும்பக் கூடாது. இவை இரண்டையும் கருதி, காலை 6.30-க்கு நடக்கத் தொடங்குங்கள் என்பதே என் ஆலோசனை. 11 மணி தாண்டியதும் உச்சியை எட்டி, 3 மணிக்குள் கீழே வந்துவிடலாம்.

அதைவிட முக்கியமானது, திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்துவிடுவது. உங்களுக்கு அது நண்பகல் 12 மணி. எங்கே நின்றாலும், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும், 12 அடித்தால் திரும்ப வேண்டும். மேலே சென்ற பிறகு பேசி முடிவெடுக்கலாம் என்று விட்டுவிட்டால், களைத்த மனமும் அருகில் தெரியும் உச்சியும் சேர்ந்து நம்மை ஏமாற்றிவிடும். தேர்ந்தவர்களும் இதற்கு விலக்கல்ல. 1996 மே 10 அன்று எவரெஸ்ட்டில் பிற்பகல் 2 மணிக்குப் பிறகும் பலர் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தனர். இறங்கும் வழியில் புயல் பிடித்துக்கொள்ள, அந்த இரு நாட்களில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். உங்கள் பாதை எவரெஸ்ட் அல்லதான். நேரத்தைத் தள்ளிப்போடும் மனம் மட்டும் எங்கும் ஒன்றே.

12 மணி வரை காத்திருக்காமலேயே நிலவரத்தை அறிய ஒரு வழி இருக்கிறது. ஏற்றம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆனதும் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். 190 மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் திட்டப்படி போகிறீர்கள். 165 மீட்டருக்குக் கீழே இருந்தால், அதே வேகத்தில் 12 மணிக்குள் உச்சியை எட்ட முடியாது. நடை தளர்ந்தால் இன்னும் தாமதமாகும். பாதையின் முற்பகுதி சமதளமாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கைச் சரிவு தொடங்கும் இடத்திலிருந்து வைத்துக்கொள்ள வேண்டும். காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் காட்டும் கைக்கடிகாரம் இருந்தால், அடிவாரத்தில் சரியான உயரத்தை அதில் பதிந்துவிட்டுக் கிளம்புங்கள். வானிலை மாறினாலே அது பல மீட்டர் பிசகும்.

உங்கள் தந்தையைப் பொறுத்தவரை, என் கவலை ஏற்றத்தைவிட இறக்கத்தைப் பற்றியது. ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போதோ ஒவ்வோர் அடியிலும் தொடைத்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால், முழங்காலில் சுமை கூடி, தசை களைத்துக் கால் தடுமாறுகிறது. இரண்டு நடைக்கோல்களும் சிற்றடிகளும் இந்தச் சுமையை ஓரளவு குறைக்கும். முழங்கால் வலி முன்பே இருந்தால், கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே மாடிப்படிகளில் ஏறி இறங்கிப் பழகுவதும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பதும் நல்லது. வேகத்தை அவரே தீர்மானிக்கட்டும். அவரை முன்னே விட்டு மற்றவர்கள் பின்னே நடந்தால் குழு பிரியாது. மகளுக்குக் களைப்பைவிடச் சலிப்புதான் முதலில் வரும், அதற்கு அடிக்கடி சிறு நிறுத்தங்கள் போதும்.

ஆளுக்கொரு நெற்றி விளக்கு கட்டாயம் இருக்க வேண்டும். கைபேசியை விளக்காகப் பயன்படுத்தினால் ஒரு கை கட்டுண்டுவிடும், உதவிக்கு அழைக்கத் தேவைப்படும் மின்சாரமும் தீர்ந்துவிடும். ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறைவதால், உச்சியில் போர்த்திக்கொள்ள ஒரு மேலுடையும் தேவை. பாதை 2500 மீட்டருக்கு மேல் செல்வதாக இருந்தால் இந்தக் கணக்குகள் மட்டும் போதா. அங்கே தலைவலியும் குமட்டலும் தோன்றினால், மேலே ஏறுவதை நிறுத்திவிட வேண்டும், அறிகுறிகள் கூடினால் உடனே இறங்க வேண்டும்.

கிளம்பும் முன், உடன் வராத ஒருவரிடம் பாதையின் பெயரையும் 3 மணிக்குள் இறங்கிவிடுவீர்கள் என்பதையும் சொல்லிவிட்டு, 5 மணி வரை உங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இறங்கியதும் அவரை அழைக்க மறந்துவிடாதீர்கள். பத்திரமாக வீடு திரும்பியவர்களைத் தேடி மீட்புக் குழு மலையேறிய கதைகளும் உண்டு.