ஆயிலை நாமே மாற்றலாமா?

கேள்வி: என் ஸ்விஃப்ட் காருக்கு இன்ஜின் ஆயில் மாற்ற சர்வீஸ் சென்டரில் கேட்கும் தொகை அதிகமாகத் தெரிகிறது. வீட்டிலேயே மாற்றலாமா?
– வாசகர், கரூர்

பதில்: வாரண்டி முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். முடியவில்லை என்றால் அங்கேயே கொடுத்துவிடுங்கள், பின்னாடி இன்ஜினில் ஏதாவது கோளாறு வந்தால் சர்வீஸ் பதிவைத்தான் கேட்பார்கள். முடிந்திருந்தால் தாராளமாக நீங்களே செய்யலாம்; கையேட்டில் சொன்ன கிரேடு ஆயில், புது ஃபில்டர், டிரெயின் போல்ட்டுக்கு (பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்) புது வாஷர், இவ்வளவுதான் செலவு. இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, லேசான சூட்டோடு இறக்கினால் பழைய ஆயில் நன்றாக வடியும். ஆனால் வெறும் ஜாக்கியை நம்பி காருக்கு அடியில் போகவே போகாதீர்கள், தூக்கிய காரைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும். அப்புறம், பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், மண்ணும் தண்ணீரும் கெட்டுப்போகும். கேனில் பிடித்து, அதை வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.