'குரங்கு வழக்கில்' ஜெயித்தது அறிவியலா, மதமா?

1925ல் அமெரிக்காவின் டென்னசியில் நடந்த ஸ்கோப்ஸ் வழக்கு அது. சட்டப்படி ஜெயித்தது அரசுதான். மனிதன் கீழ்நிலை உயிரினங்களிலிருந்து வந்தான் என்னும் பரிணாமத்தைப் பள்ளியில் கற்பிக்கக் கூடாது என்ற மாநிலச் சட்டத்தை மீறிச் சொல்லிக்கொடுத்ததற்காக ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம். ஆனால் இதில் பாதி ஊர் விளம்பரம்! அந்தத் தடைச் சட்டத்தை எதிர்க்க ஒரு ஆசிரியர் தேவை என்று ஒரு உரிமை அமைப்பு பத்திரிகையில் கேட்க, டேட்டன் ஊர்ப் பெரிய மனிதர்கள் மருந்துக்கடையில் உட்கார்ந்து, நம்மூருக்கும் கூட்டம் வரட்டுமே என்று ஸ்கோப்ஸைக் கூப்பிட்டுப் பேசி முடித்தார்கள். அப்புறம் ஜூலை வெக்கை தாங்காமல் விசாரணையே புல்வெளிக்கு வந்தது. அங்கேதான் ஸ்கோப்ஸின் வழக்கறிஞர் டாரோ, அரசுத் தரப்பில் வாதாடிய, பைபிளை நம்பும் பிரையனையே சாட்சியாக உட்காரவைத்து, பைபிளில் வரும் ஆதாமின் மகன் காயீனுக்கு மனைவி எங்கிருந்து கிடைத்தாள் என்று குடைந்தார். 1927ல் அபராதம் ரத்தானது, அதுவும் கொள்கைக்காக இல்லை, 50 டாலருக்கு மேல் என்றால் ஜூரிதான் விதிக்க வேண்டும், நீதிபதி தானே விதித்துவிட்டார் என்பதற்காக. சட்டமோ 1967 வரை அப்படியே இருந்தது.