தெருவில் கிடைத்த முயல் சாப்பிடவில்லை. சிறுநீர் வெள்ளைக் குழம்பு மாதிரி வருகிறது, புழுக்கையும் நின்றுவிட்டது. என்ன செய்யலாம்?

கடைசியாக அது எப்போது சாப்பிட்டது? 12 மணி நேரம் தாண்டியிருந்தால் முதலில் கிளம்புங்கள், மீதியை ஆட்டோவில் போகும்போது படித்துக்கொள்ளலாம். நாய் ஒரு வேளை தட்டைத் தொடவில்லை என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்வோம் என்று இருந்துவிடலாம். முயலுக்கு அந்தச் சலுகை கிடையாது. உள்ளே நார் போய்க்கொண்டே இருந்தால்தான் அதன் குடல் அசையும். வரத்து நின்றால் உள்ளே இருப்பது காய்ந்து இறுகும், வாயு கட்டும். வாயு கட்டினால் வலி. வலித்தால் கிட்டே வைத்த புல்லைக்கூட முகர மாட்டான். வாந்தி எடுக்கவும் முயலுக்கு வராது.

நான் டாக்டர் இல்லை. மதுரையில் ஒரு மாடி வீட்டில் குடியிருப்பவன். மூன்று வருடத்துக்கு முன்னால் கீழ் வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போனபோது மொட்டை மாடியில் ஒரு கூண்டை விட்டுவிட்டுப் போனார்கள். ஏதோ பழைய சாமான் என்று நினைத்து நாங்களும் கண்டுகொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து வடகம் காயப்போடப் போன அம்மாதான், உள்ளே என்னவோ அசையுது என்று கத்தினார். வெள்ளை முயல். கம்பி வலை மேலேயே உட்கார்ந்து குதிகாலில் முடி உதிர்ந்து புண்ணாகியிருந்தது. பின்தொடை இரண்டும் மூத்திரத்தில் ஊறி மஞ்சளாக ஒட்டிக்கிடந்தன. கூண்டுக்குள் காய்ந்த பிரெட், உருவிப்போட்ட முருங்கைக் குச்சி, காலியான தண்ணீர் பாட்டில். மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்தோம்: 1 கிலோ 450 கிராம். போண்டா என்று பேர் வைத்தோம். அந்தப் பேருக்கேற்ற உடம்பு வர ஒரு வருடம் ஆனது.

கூண்டைத் தூக்கியபோது அடியில் சிமெண்டுத் தரையில், யாரோ கோலமாவைக் கரைத்துக் கொட்டிவிட்டுப் போனது மாதிரி ஒரு வெள்ளைப் படிவு. விரலால் தேய்த்தால் நைசான பொடி. நீங்கள் சொல்லும் வெள்ளைக் குழம்பு காய்ந்தால் இப்படித்தான் இருக்கும். அது கால்சியம்.

விஷயம் இதுதான். பெரும்பாலான பாலூட்டிகளின் குடல் தேவையான அளவுக்குத்தான் கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். முயலின் குடல் தீனியில் இருப்பதைப் பெரும்பாலும் அப்படியே உறிஞ்சிக்கொண்டு, மிஞ்சியதைச் சிறுநீரில் தள்ளும். அந்த விலங்குகளில் 2 சதவீதம்கூட சிறுநீர் வழியாகப் போகாது. முயலில் 45 முதல் 60 சதவீதம் வரை அந்த வழியாகத்தான் போகிறது. அதனால் முயலின் சிறுநீர் கொஞ்சம் கலங்கலாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆரஞ்சு, சிவப்பு நிறத்தில் போனாலும் பல நேரம் தீனியில் இருக்கும் நிறமிதான் காரணம். ஆனால் பற்பசை மாதிரி கெட்டியாக வந்தாலோ, முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனாலோ மூத்திரப்பையில் வண்டல் தங்கிவிட்டது என்று அர்த்தம். உங்களுடையது பெண்ணாக இருந்து ரத்தக் கட்டியும் தெரிந்தால் கர்ப்பப்பையையும் பார்க்கச் சொல்லுங்கள். கருத்தடை செய்யாத, வயதான பெண் முயல்களுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் வருவது சகஜம்.

சிறுநீர் தனிப் பிரச்சினை, வயிறு தனிப் பிரச்சினை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போண்டாவைப் பார்த்த டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். இடுப்புக்கு முன்னால் எலும்பை விட வெளுப்பாக ஒரு உருண்டை, அது மூத்திரப்பை. அதற்கு மேலே வயிறு முழுக்கக் கறுப்புக் கறுப்பாக வாயு. "தம்பி, இதுக்கு ரெண்டு வியாதி இல்ல. ஒண்ணுதான், ரெண்டு பக்கமா தெரியுது" என்றார். பை எரிகிறது, அதனால் சாப்பிடவில்லை. சாப்பிடாததால் குடல் நின்றது. குடல் நின்றதால் தண்ணீர் குடிக்கவில்லை, தண்ணீர் இல்லாததால் வண்டல் இன்னும் கெட்டியானது. எந்தப் பக்கம் அறுத்தாலும் சங்கிலி அறுந்துவிடும். ஆனால் முதலில் வலியை அறுக்க வேண்டும் என்பார் அவர். வலி மருந்தும், தோலுக்கடியில் சலைனும் ஏற்றிய பிறகுதான் மற்றதை யோசித்தார். மறுநாள் மயக்கம் கொடுத்துப் பையைக் கழுவினார்கள்.

மயக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. "ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டுக் கொண்டுவாங்க" என்று யாராவது சொன்னால், அது நாய்க்கும் பூனைக்கும் உள்ள விதி என்று மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள். வாந்தி எடுக்காத பிராணியைப் பட்டினி போட்டால் நஷ்டம்தான்.

இப்போது நீங்கள் வீட்டில் செய்ய வேண்டியது. வயிற்றை லேசாகத் தொட்டுப் பாருங்கள். பிசைந்த மாவு மாதிரி அழுந்தினால் இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. மேளம் மாதிரி உப்பி விறைத்து, முயல் துவண்டு கிடந்தால் அடைப்பாக இருக்கலாம். அப்போது வாயில் எதையும் புகட்டாதீர்கள், வயிற்றைத் தேய்த்துவிடாதீர்கள், ஓடுங்கள். காது சில்லென்று இருந்தால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். முயலின் உடல் சூடு 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும், அதற்குக் கீழே இறங்குவது காய்ச்சலை விட மோசம். பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கூனிப்போய் உட்கார்ந்திருந்தால் வலி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வயிறு விறைக்கவில்லை என்றால், ஊசி இல்லாத சிரிஞ்சில் ஊட்டலாம். முயலுக்கென்றே ஊட்டுமாவு ஆன்லைனில் கிடைக்கிறது, விலை கொஞ்சம் கண்ணைக் கட்டும். அவசரத்துக்கு முயல் தீவனக் குருணையை (பெல்லட்) வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மிக்ஸியில் அடித்து, தோசைமாவை விடத் தளர்வாகக் கரைத்துக்கொண்டோம். துண்டில் சுற்றி, தரையில் உட்கார்ந்து, முன்பல்லுக்குப் பக்கவாட்டில் சிரிஞ்சை நுழைத்து அரை மில்லி, அரை மில்லியாக. மென்று விழுங்கிய பிறகுதான் அடுத்தது. மல்லாக்கப் போட்டு ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். முதல் தடவை என் சட்டை, துண்டு, சுவர் மூன்றும் சாப்பிட்டன. போண்டா இரண்டு மில்லி சாப்பிட்டான். அளவும் நேரமும் எடையைப் பார்த்து டாக்டர் சொல்வார். எங்களுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றார். நானும் அம்மாவும் அலாரம் வைத்து, முறை போட்டுக்கொண்டு எழுந்தோம்.

வீட்டில் மிச்சமிருக்கும் மருந்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். குழந்தைகளுக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் சிரப் பல வீட்டு அலமாரியில் இருக்கும், எங்கள் வீட்டிலும் இருந்தது. "யூரின் இன்ஃபெக்‌ஷன்தானே, நாலு சொட்டு விடுங்க" என்று மருந்துக்கடையில் ஒருவர் தைரியமும் சொன்னார். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் இதெல்லாம் முயலின் வாய் வழியாகப் போனால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்று, விஷம் சுரக்கும் கிருமிகளை வளரவிடும்; ஒரு வாரத்துக்குள் உயிரே போகலாம். உண்ணிக்கு நாய்மேல் தெளிக்கும் ஃபிப்ரோனிலும் முயலுக்கு ஆகாது. தெருவில் கிடைத்தது என்கிறீர்களே, உண்ணி இருக்கும் என்று யாராவது அடித்துவிடப் போகிறார்கள்.

பின்பக்கத்தைச் சுத்தம் செய்வதுதான் இதில் பொறுமையைச் சோதிக்கும் வேலை. முழுசாகக் குளிப்பாட்டாதீர்கள், அதிர்ச்சியிலேயே போய்விடும். ஈரமான இடத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, பழைய பருத்தி வேட்டியால் ஒற்றி ஒற்றிக் காயவையுங்கள். ஒட்டிய முடியைக் கத்தரியால் வெட்டப் போகாதீர்கள். முயல் தோல் காகிதம் மாதிரி, முடியோடு சேர்ந்து வந்துவிடும். டிரிம்மரில் எடுத்தோம். நம் ஊர் வெயிலில் ஈரமும் வாடையும் இருந்தால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். காலையிலும் சாயங்காலமும் வாலைத் தூக்கிப் பாருங்கள். தூக்கும்போது காதைப் பிடித்துத் தூக்குகிற பழக்கம் வேண்டாம். பின்னங்காலுக்குக் கை கொடுக்காமல் தூக்கினால் உதைக்கிற வேகத்தில் அதன் முதுகெலும்பே முறிந்துபோகும்.

புழுக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல புழுக்கை உருண்டையாக, உலர்ந்து, உடைத்தால் உள்ளே புல் தூளாக இருக்கும். குடல் மந்தமானால் மிளகளவுக்குச் சின்னதாகும், முடியில் கோத்த மணி மாதிரி வரும், அப்புறம் நிற்கும். இது போக இன்னொரு வகை உண்டு: பளபளப்பாக, மெத்தென்று, குட்டித் திராட்சைக் கொத்து மாதிரி. அதை முயல் ஆசனவாயில் வாய் வைத்து அப்படியே தின்றுவிடும். விடியற்காலையில் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு அம்மா காப்பியைக் கீழே வைத்துவிட்டார். ஆனால் அது கழிச்சல் இல்லை, அசிங்கமும் இல்லை. அதில்தான் வைட்டமின் எல்லாம் இருக்கிறது. இடுப்பு வலியில் குனிய முடியாத முயல் அதைத் தின்னாமல் விட்டு, பின்னால் அப்பிக்கொண்டு கிடக்கும். உங்களுடையதற்கும் அப்படி ஒட்டியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தண்ணியாகப் போவதுதான் நிஜக் கழிச்சல், அது அவசரம்.

தீனி விஷயத்தில் கேரட் படத்தை மறந்துவிடுங்கள். பிரெட், பிஸ்கட், சோறு, வாழைப்பழம் எல்லாம் குடலைக் கெடுக்கும். சாப்பாட்டில் பத்தில் எட்டு பங்கு புல்லாக இருக்க வேண்டும். ஆன்லைனில் திமோத்தி புல் வருகிறது. கட்டுப்படியாகவில்லை என்றால் அருகம்புல்லும், கோ-4 மாதிரித் தீவனப்புல்லும் போதும். பிள்ளையார் கோயில் வாசலில் பூக்கார அக்கா அருகம்புல் கட்டு வைத்திருப்பார், சங்கடஹர சதுர்த்தி அன்றைக்கு மட்டும் விலை ஏறும். அலசி நிழலில் உலர்த்திப் போடுகிறேன். நிறுத்த வேண்டியவை முருங்கை, அகத்தி, குதிரை மசால். மூன்றிலும் கால்சியம் கூடுதல். முருங்கைக்கீரை சத்து என்று ஆசையாகப் போட்டு வளர்த்த அந்தக் கீழ் வீட்டுக்காரர்களைத் திட்டவும் மனசு வரவில்லை, நமக்கு நல்லது அதற்கும் நல்லது என்று நினைத்திருப்பார்கள். (விட்டுவிட்டுப் போனதற்குத் திட்டலாம்.) கொத்தமல்லி, புதினா கொஞ்சம் கொடுக்கலாம், ஈரத்தோடே. பண்ணை முயல்களைக் கொழுக்க வைக்கும் குருணையை வேளாவேளைக்கு நிரப்பாதீர்கள்.

கீரையை நிறுத்துவதை விடத் தண்ணீர் உள்ளே போவதுதான் முக்கியம். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 மில்லி. உருண்டைக் குண்டு வைத்த பாட்டிலில் நக்கி நக்கிக் குடிப்பதற்குள் சலித்துவிடும். கனமான மண் சட்டியில் வைத்த அன்றே போண்டா இரண்டு மடங்கு குடித்தான். கூண்டிலேயே அடைத்து வைக்காமல் நடமாட விடுங்கள், உட்கார்ந்தே கிடந்தால் வண்டல் அடியிலேயே படியும்.

டாக்டர் கிடைப்பது கஷ்டம்தான். நம் ஊரில் முயல் என்றால் பண்ணை விலங்கு. கொடைக்கானல் மன்னவனூரில் ஆட்டோடு முயலையும் வைத்து ஆராய்ச்சி செய்யும் மத்திய அரசு மையமே இருக்கிறது, ஆனால் அங்கே கேள்வி இறைச்சியும் ரோமமும். 300 ரூபாய் முயலுக்கு எக்ஸ்ரே எடுக்கிறவனை விநோதமாகத்தான் பார்ப்பார்கள். நாங்கள் முதலில் போன கிளினிக்கில் "முயலெல்லாம் பார்க்கறதில்ல" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். போவதற்கு முன் போன் செய்து, முயல் பார்ப்பீர்களா, எக்ஸ்ரே உண்டா என்று கேளுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு பக்கம் என்றால் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரிக்கலாம். தலையைச் சாய்த்தபடி நடக்கிறதா, பின்னங்கால் இழுக்கிறதா, கடைவாய்ப் பல் குத்துகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர் கசிவுக்கும் சாப்பிடாததற்கும் இவையும் காரணமாக இருக்கலாம். அப்புறம், உங்களுக்குக் கிடைத்தது பழுப்பு நிறத்தில் கழுத்துப் பிடரி கறுத்த காட்டு முயல் என்றால் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. 1972-ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டத்தில் வரும், வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

போண்டாவுக்கு வண்டல் முழுசாகப் போகவில்லை. கோடையில் ஒருமுறை திரும்பி வந்தது, இந்த முறை சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டோம். அறையில் ஈரத்துணி, துண்டில் சுற்றிய ஐஸ் பாட்டில் என்று ஏப்ரல், மே ஓடுகிறது.

போகும்போது கடைசியாகப் போட்ட புழுக்கை நாலையும், சிறுநீர் பட்ட துணியையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டரம்மா எங்களிடம் முதலில் கேட்டது அதைத்தான். அதற்குள் அம்மா மொட்டை மாடி முழுக்கப் பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தார்.