அவமானம் ரத்த அழுத்தத்தை ஏற்றுமா? ஒரு மருத்துவரின் கேள்வி பதில்

கேள்வி: சாதி பார்த்து நடத்தினால் மனம் புண்படும், சரி. உடம்பு ஏன் கெட வேண்டும்?

பதில்: நாய் துரத்தினாலும் ஊரார் இளக்காரமாகப் பேசினாலும் உடம்பு ஒரே மாதிரிதான் பதறும். அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரக்கும், ரத்த அழுத்தம் ஏறும். நாய் போய்விட்டால் இறங்கிவிடும். இளக்காரம் போகாது. டீக்கடை வாசலிலேயே, எந்த டம்ளரில் தருவார்களோ என்று கண் தேடும். யாரும் ஒன்றும் சொல்லாத நாளிலும் அந்தக் காத்திருப்பு மட்டும் ஓயாது.

என்னிடம் ஒரு துப்புரவுப் பணியாளர் வருவார். நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். ரத்த அழுத்தம் முதலில் 168 காட்டியது. சாய்ந்து உட்காரச் சொல்லிப் பத்து நிமிடம் அவருடைய பேத்தியைப் பற்றிப் பேசினேன். மறுபடி பார்த்தால் 146.

இப்படி ஆண்டுக்கணக்கில் தேய்வதை, வெயிலிலும் மழையிலும் சுவர் உதிர்வதற்கு ஒப்பிட்டு 'வெதரிங்' என்று 1992இல் எழுதினார் அமெரிக்க ஆய்வாளர் ஆர்லின் ஜெரோனிமஸ்.

கேள்வி: எனக்கு 150/95. காரணம் இதுதான் என்றால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: கூடாது. அழுத்தம் எதனால் ஏறியது என்று ரத்தக்குழாய் விசாரிப்பதில்லை.

கேள்வி: அமெரிக்கக் கறுப்பினத்தவரின் குழந்தைகள் எடை குறைவாகப் பிறப்பது மரபணுவால்தானே?

பதில்: 1997இல் டேவிட், காலின்ஸ் என்ற இரு மருத்துவர்கள் இல்லினாய் மாநிலப் பிறப்புகளை ஒப்பிட்டார்கள். ஆப்பிரிக்காவில் பிறந்து அங்கே குடியேறிய கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள், எடையில் வெள்ளையர் குழந்தைகளை ஒட்டியே இருந்தன. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள்தான் எடை குறைந்தவை. மரபணு காரணம் என்றால், ஆப்பிரிக்காவிலிருந்து நேரே வந்தவர்களின் குழந்தைகள்தானே எடை குறைந்திருக்க வேண்டும்?

கேள்வி (அவரே): கடல் கடந்து குடியேறுகிறவர்கள் பொதுவாகவே ஆரோக்கியமானவர்கள். இதெல்லாம் ஆதாரமா?

பதில்: நல்ல மடக்கல். அந்த ஆய்வை மட்டும் வைத்து நான் வாதாட மாட்டேன். கலிஃபோர்னியாவுக்கு வாருங்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் அரபு மக்கள்மீது வெறுப்பு கிளம்பியது. அடுத்த ஆறு மாதங்களில், அரபுப் பெயர் கொண்ட தாய்மாருக்குக் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தைகளும் முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட அதிகம். ஆறு மாதத்தில் மரபணு மாறுமா?

கேள்வி (மறுபடியும் அவரே): செய்தி பார்த்த பயமாக இருக்கலாமே!

பதில்: அதே தொலைக்காட்சியைத்தான் மற்றத் தாய்மாரும் பார்த்தார்கள். அவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. அடுத்தவருக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள் ஐயா.

கேள்வி: மாத்திரையைப் பாதியாக்கலாமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுப்பது எப்படி?

பதில்: வழக்கறிஞரைக் கேளுங்கள். என் துறை இல்லை.

கேள்வி: மருத்துவக் கருவிக்குமா பாகுபாடு?

பதில்: உண்டு. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் கறுத்த தோலில் ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டிவிடக்கூடும். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கருவி கோட்டைவிட்ட ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு. நம்மில் பலருக்கும் கறுத்த விரல்தான். மூச்சு வாங்கினால், எண் என்ன சொன்னாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: தியானம் செய்தால் சரியாகுமா?

பதில்: செய்யுங்கள், நல்லது. ஆனால் டம்ளரைப் பிரித்து வைத்தவரை விட்டுவிட்டு, குடிக்கிறவரைக் கண்ணை மூடி உட்காரச் சொல்வது என்ன வைத்தியம்?

கேள்வி: எனக்கு 160. இயற்கை உணவுக்கு மாறியிருக்கிறேன். மாத்திரை...

பதில்: இன்று காலை போட்டீர்களா, இல்லையா?