ஒயின் ஆலை நடத்தும் குடும்பங்கள் போல நம் ஊரில் உண்டா? அக்கானி இறக்கும் வீட்டிலிருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: "வெளிநாடுகளில் ஒரு குடும்பமே சேர்ந்து சின்னதாகத் திராட்சைத் தோட்டமும் ஒயின் ஆலையும் நடத்துகிறது. எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்றும் சொல்லித் தருகிறார்கள். நம் ஊரில் அப்படி உண்டா? அவர்கள் அன்றாடம் எப்படி இருக்கும்?"

உண்டு. எங்கள் குடும்பம் அப்படித்தான் பிழைக்கிறது. திராட்சைக்குப் பதில் பனை, ஒயினுக்குப் பதில் அக்கானி. மற்ற மாவட்டங்களில் பதநீர் என்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் எங்கள் விளை, அதாவது பனை நிற்கிற தோட்டம். அப்பாவும் சித்தப்பாவும் பனையேறுகிறார்கள். அம்மாவும் சித்தியும் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறார்கள். விற்பதும் கணக்கும் என் பொறுப்பு.

முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், எங்கள் அக்கானியில் போதை இல்லை. பாளையிலிருந்து சொட்டுகிற சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை இருக்கும். காற்றிலும், சாறு பிடிக்கிற கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் அதைச் சில மணி நேரத்தில் நொதிக்க வைத்துக் கள்ளாக்கிவிடும். நொதிக்கிற சர்க்கரையில் ஏறக்குறையப் பாதி ஆல்கஹாலாக மாறும். அதனால்தான் கள் 5 சதவீதத்தைச் சுற்றி நிற்கிறது, 22 முதல் 24 சதவீதம் சர்க்கரை ஏறின திராட்சையில் செய்த ஒயின் 12, 13 சதவீதத்துக்குப் போகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசிவிட்டால் ஈஸ்டுக்கு வேலை ஓடாது, சாறு இனிப்பாகவே நிற்கும். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் கால் வைத்தால் உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருக்கும். 1956 நவம்பர் வரை இரண்டு பக்கமும் ஒரே மாநிலத்தில் இருந்தவைதான். சாப்பாடு இப்போதும் பெரிதாக மாறவில்லை.

அன்றாடம் எப்படி என்று கேட்டீர்கள். திராட்சைக்காரருக்கு அறுவடை வருடத்தில் ஒரு பருவம். அப்புறம் ஒயின் பீப்பாயில் மாதக்கணக்கில் கிடக்கும், யோசிக்க அவகாசம் உண்டு. எங்களுக்கு அறுவடை தினமும். மாசி பிறந்தால் வீட்டில் எல்லோருக்கும் தூக்க நேரம் மாறிவிடும், ஆனி, ஆடி வரைக்கும் அப்படித்தான். விடியும் முன்பே அப்பா, ஏறும்போது காலில் மாட்டுகிற தளைநாரோடு விளைக்குப் போய்விடுவார். இடுப்பில் அருவாப்பெட்டி, அதில் பாளை அருவாளும் சுண்ணாம்பும். மேலே போய் ராத்திரி ஊறினதைக் குடுக்கையில் ஊற்றிக்கொண்டு, பாளையின் நுனியை மெல்லிசாக ஒரு சீவல் சீவி, கலயத்தைத் திரும்ப மாட்டிவிட்டு இறங்குவார். பிறகு அடுத்த பனை. சாயங்காலம் மறுபடி எல்லாவற்றிலும் ஏறிச் சீவ வேண்டும். ஒரு நாள் விட்டால் சீவின முகம் காய்ந்து ஊற்று அடைத்துவிடும்.

அதனால் சீசனில் எங்கள் வீட்டில் விடுமுறை என்று ஒன்று கிடையாது. சொந்தத்தில் கல்யாணம் என்றால் அம்மாவும் நானும் போவோம், இல்லையென்றால் சித்தி போவார். குடும்பமாக எல்லோரும் சேர்ந்து போய் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது மழைக்காலத்து விசேஷங்களில்தான். சாவு வீட்டுக்குக்கூட அப்பா காலைப் பனையை முடித்துவிட்டுத்தான் போவார். யாரும் அவரைத் தப்பாக நினைப்பதில்லை. எங்கள் பக்கம் பாதி ஊர்ப்பெயர் விளை என்றுதான் முடிகிறது, ஒரு தலைமுறை முன்னால் எல்லா வீட்டிலும் இதே கதைதான்.

இந்தத் தொழிலின் சூட்சுமம் மரம் ஏறுவதில் இருக்கிறது என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். ஏறுவது உயிரைப் பணயம் வைக்கிற வேலை, அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் ருசி தீர்மானமாவது சுண்ணாம்பில். குறைந்தால் சாறு புளிக்கத் தொடங்கும். புளிப்பு ஏறினால் அதில் உள்ள சர்க்கரை உடைந்துபோய், எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டி இறுகாது, ஊற்றி வைத்த சிரட்டையில் (கொட்டாங்குச்சியில்) பிசுபிசுவென்று இழுத்துக்கொண்டே கிடக்கும். கூடினால் நாக்கில் ஒட்டும், தொண்டை காறும், கருப்பட்டியும் கறுத்துவிடும். அப்பா ஒற்றை விரலில் வழித்துக் கலயத்தின் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றுவார், அவ்வளவுதான். புழுக்கமான நாளில் கொஞ்சம் கூட்டுவார். குடிக்கக் கொடுக்கிற பனைக்கு ஓர் அளவு, காய்ச்சுகிற பனைக்கு வேறோர் அளவு. இறக்கினதும் ஒரு மடக்கு வாயில் வைத்துப் பார்த்து, "மக்களே, மேற்கு வரிசையில் இறக்கினதைக் குடிக்க யாருக்கும் ஊற்றாதே, நேரே அடுப்புக்குக் கொண்டுபோ" என்று சொல்வார். நானும் வாயில் வைத்துப் பார்ப்பேன். அவர் சொன்ன பிறகுதான் அந்த லேசான காறல் எனக்குத் தெரியும்.

காய்ச்சுவதில் பெண்களின் கை. அக்கானியைத் தெளிய வைத்து, பன்னாடையில் அரித்து அண்டாவில் ஊற்றுவார்கள். எரிப்பது காவோலையும் மட்டையும். பொங்கி வழியப் பார்க்கும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டால் நுரை அமர்ந்துவிடும். மணிக்கணக்கில் துழாவித் துழாவி, கடைசியில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, உருண்டு நின்றால் இறக்கிச் சிரட்டையில் ஊற்ற வேண்டும். பத்து லிட்டருக்கு ஒரு கிலோ கருப்பட்டியை ஒட்டித்தான் கிடைக்கும். சித்திரை வெயிலில் ஓலைப்புரைக்குள் அந்த அடுப்பு முன்னால் நிற்கிற வேலைக்கு யாரும் விலை போட்டதில்லை. கருப்பட்டி விலை கூடுதல் என்று பேரம் பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

சரி, எந்தச் சாப்பாட்டோடு என்பதற்கு வருகிறேன். அக்கானியில் எந்தச் சாப்பாடு என்பதைவிட எந்த நேரம் என்பதுதான் பெரிது. காலையில் இறக்கினதும் குடிக்கிற அக்கானியும் மதியம் குடிக்கிறதும் ஒன்றில்லை.

விடிந்த உடனே என்றால் பனையோலையை மடித்துக் கட்டின பட்டையில் ஊற்றி, புளிப்பான பச்சை மாங்காயைச் சீவிப் போட்டுக் குடிக்க வேண்டும். இது வெறும் பழக்கம் இல்லை. சுண்ணாம்பின் காறலை மாங்காயின் புளிப்பு அடக்கிவிடுகிறது, இனிப்பு தனியாக எழுந்து நிற்கும். பட்டையின் பச்சை வாசமும் சேர்ந்துகொள்ளும். எவர்சில்வர் டம்ளரில் அந்த வாசம் கிடைக்காது. நுங்கை வழித்துப் போட்டுக் குடிப்பது ஊரெல்லாம் உண்டு, குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், ஆனால் இனிப்போடு இனிப்பு. மாங்காய் செய்கிற வேலையை நுங்கு செய்யாது.

பத்து மணி வாக்கில் எங்கள் வீட்டில் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) வெந்திருக்கும். காந்தாரி மிளகாய், உள்ளி, உப்பு வைத்து நசுக்கி மேலே கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டால் துவையல். கிழங்கு மாவுச்சத்து, துவையல் உறைப்பும் உப்பும், அக்கானி இனிப்பு. மூன்றும் ஒன்றுக்கொன்று இடம் விட்டுக் கொடுக்கும். அதோடு வறுத்த நெத்திலிக் கருவாடு இருந்துவிட்டால் வேறொன்றும் வேண்டாம். பிரான்சில் ரோக்ஃபோர் என்ற உப்புக் கரிக்கும் நீலப் பாலாடைக்கட்டியோடு சோத்தேர்ன் என்ற இனிப்பு ஒயினைக் குடிக்கிறார்களே, அதன் நியாயமும் இதுதான். உப்பு, இனிப்பைத் திகட்ட விடாது. காரமான ஆசியச் சாப்பாட்டோடு லேசாக இனிக்கிற ரீஸ்லிங் ஒயினைச் சொல்வதும் உறைப்பை இனிப்பு தணிக்கும் என்பதால்தான்.

மீன் கறியோடு அக்கானி சேராது. தேங்காய் அரைத்து ஊற்றின அயிலைக் கறி, மேலே எண்ணெய் மிதக்கும், அதற்கு மேல் இனிப்பைக் குடித்தால் வயிறு அடைத்துக்கொள்ளும். எல்லைக்கு அந்தப் பக்கம் கள்ளுக்கடையில் கப்பையும் (அதே மரச்சீனிதான்) மீன் கறியும் பரிமாறுவதற்குக் காரணம் கள்ளின் புளிப்பு, அது தேங்காயையும் எண்ணெயையும் வெட்டிவிடும். அக்கானிக்கு அந்தக் குணம் கிடையாது. ஒயின் குடிக்கிற நண்பர்கள் நம் மீன் கறிக்கு எது என்று கேட்டால் புளிப்புத் தூக்கலான வெள்ளை ஒயின் என்று சொல்லுங்கள். துவர்ப்பான சிவப்பு ஒயின் மீனோடு சேர்ந்தால் வாயில் இரும்பு ருசி வரும், காரம் பட்டால் துவர்ப்பும் முரடாகிவிடும். அதைத் தேங்காய்க்கொத்து போட்டு வறுத்த மாட்டிறைச்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

மதியம் அடுப்படிக்கு வருகிறவர்களுக்குக் கிடைப்பது வேறு. அண்டாவில் பாதி வற்றி, பாகாவதற்கு முன்னால் செம்பொன் நிறத்தில் கொதிக்கிற பதம். எங்கள் வீட்டில் கிழங்குத் துண்டுகளைத் துணியில் கட்டி அதற்குள் இறக்கிவிடுவார்கள். வெந்த கிழங்கின் உள்வரைக்கும் பாகு இறங்கியிருக்கும். இதைக் கடையில் வாங்க முடியாது, அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து ஊதி ஊதித்தான் சாப்பிட வேண்டும். கூட ஒரு துளி உப்பு தொட்டுக்கொள்ளுங்கள்.

ஒயினை வைத்துப் பழசாக்குவது போல எங்களுக்கும் ஒன்று உண்டு. சித்திரை, வைகாசிக் கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் அடுக்கி அடுப்புக்கு மேல் பரணில் ஏற்றிவிடுவோம். ஈரம் பட்டால் கருப்பட்டி இளகிவிடும், அதற்குத்தான் அந்தச் சூடும் புகையும். மழைக்காலத்தில் எடுத்து உடைத்தால் நிறம் இறுகியிருக்கும், இனிப்போடு புகைவாசமும் இருக்கும். அந்தக் கருப்பட்டியைக் கரைத்துக் குடிக்காதீர்கள். கட்டஞ்சாயாவை, அதாவது பால் விடாத தேநீரை, இனிப்பில்லாமல் போட்டு, ஒரு கடி கடித்து, ஒரு மடக்குக் குடிக்க வேண்டும். புதுக் கருப்பட்டி கொழுக்கட்டைக்கும் உளுந்தங்களிக்கும் நல்லது. திருக்கார்த்திகைக்குப் பனையோலையில் பொதிந்து அவிக்கிற கொழுக்கட்டைக்கு மட்டும் அம்மா பழசும் புதுசும் கலப்பார். ஓலை வாசத்துக்கு முன்னால் புதுசு மட்டும் நிற்காது என்பது அவர் கணக்கு, எனக்கும் அது சரி என்றே படுகிறது. புட்டுக்கு மட்டி வாழைப்பழம் இருந்தால் கருப்பட்டியைத் தொடவே வேண்டாம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கின எங்கள் மட்டிக்குத் தனி மணம் உண்டு, இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று மறைத்துவிடும்.

இந்தத் தொழிலில் ஆள் குறைகிறது, பனையும் குறைகிறது. விளைகள் ரப்பர் தோட்டமாகவும் வீட்டுமனையாகவும் மாறின, ஏராளமான பனை செங்கல் சூளைக்குப் போனது. 2021இல் தமிழக அரசு தனியாக வேளாண் பட்ஜெட் போட்டபோது பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தது பெரிய ஆறுதல். திராட்சைக் கொடி மூன்றாம் வருடம் காய்க்கும். பனை பாளை விடப் பதினைந்து வருடமாவது வேண்டும், அதுவரை ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. தென்னையை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனையை வச்சவன் பாத்துட்டுச் சாவான் என்பார்கள். அப்பா இன்னமும் மழை தொடங்கினால் பனங்கொட்டை ஊன்றிக்கொண்டுதான் இருக்கிறார்.

நேரில் வந்து குடிக்க நினைக்கிறவர்கள் பங்குனி, சித்திரையில் வாருங்கள், காலை ஒன்பதுக்குள். ரோட்டோரம் மத்தியானத்துக்கு மேல் விற்கிறதை வாங்குவதாக இருந்தால் எப்போது இறக்கினது என்று கேளுங்கள். நாக்கில் சுருசுருவென்று ஏறினால் வேண்டாம். பாட்டிலில் அடைத்துச் சென்னைக்குக் கொண்டுபோகும் யோசனையும் வேண்டாம், அதற்குக் கருப்பட்டிதான். கருப்பட்டியில் வெள்ளைச் சீனி கலப்பது இப்போது அதிகம். ஒரு சிரட்டையை உடைத்துப் பாருங்கள். கண்ணாடியாகப் பளபளத்துச் சீனிக்கட்டி தெரிந்தால் சந்தேகப்படலாம். உடைத்துக் காட்டத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.